பாலில்லாத சீஸ்

செப்டம்பர் முடியும்போது உதேனாவில்
யாரும் ஆப்பிளுக்குக் காசு கேட்பதில்லை.
வேலிக்கு வெளியே வாளி வாளியாய் வைத்து
அட்டையில் எழுதிவிடுவார்கள்: எடுத்துப் போங்கள்.
'தயவுசெய்து' என்றும் சிலர்.

முப்பத்தொரு வருடம் அந்த வாளிகளைத் தாண்டித்தான்
ராட்டர்டாம் வரை லாரி ஓட்டினேன்.
ஒன்றுக்கும் பிரேக் போட்டதில்லை.
பக்கத்து இருக்கையில் எப்போதும்
புகையூட்டிய பன்றிக்கொழுப்பு, கருப்பு ரொட்டி,
எந்த நாட்டில் வாங்கினேன் என்று மறந்துபோன சிப்ஸ்.

போன ஆகஸ்டில் என் இதயக் குழாய்க்குள்
பேனா ஸ்பிரிங் அளவில் ஒன்றை நுழைத்தார்கள்.
டாக்டர் யுர்கிதா ஒரு தாளைத் தந்தார்.
'கூடாது' என்ற தலைப்பின் கீழே
ரிம்விதாஸ் என்கிற ஆள் முழுசாக இருந்தான்.
'கூடும்' என்பதன் கீழே ஐந்தாவது வரி:
ஆப்பிள். தோலோடு.

உப்பில்லாத சூப்பை
முதல் வாரம் முழுக்கக் குப்பையில் கொட்டினேன்.
இரண்டாம் வாரம், கோபத்தில்,
வாளியில் கிடந்த ஒன்றைத் துருவி முட்டைக்கோசில் போட்டேன்.
நாக்கு நிமிர்ந்து உட்கார்ந்தது.
புளிப்புக்கு உப்பின் வேலை பாதி தெரியும்.
மீதிப் பாதியைத்
தோலின் துவர்ப்பு பார்த்துக்கொண்டது.

அப்புறம் விடவில்லை.
பீட்ரூட்டோடு ஆப்பிள்.
பார்லிக் கஞ்சியில் ஆப்பிள்.
கோழியின் வயிற்றுக்குள் நான்கு ஆப்பிள்;
வெந்ததும் கோழியை விட்டுவிட்டு
அதைத்தான் முதலில் தின்றேன்.
விதையை மட்டும் துப்பிவிடுவேன்.
அதற்குள் துளி விஷம் உண்டாம்.
இவ்வளவு நல்ல பண்டத்துக்கும்
ஒரு ரகசியம் இருப்பதில்
எனக்கு என்னவோ ஆறுதல்.

சீஸ் செய்யலாம் என்று தோன்றியது அக்டோபரில்.
எங்கள் ஊர் ஆப்பிள் சீஸில் பால் கிடையாது.
பழத்தைக் காய்ச்சிக் காய்ச்சி இறுக்கி,
துணியில் கட்டிப் பிழிந்து, காயவைத்து,
பனிக்காலத்தில் தேநீரோடு சீவித் தின்பது.
கிலோவுக்கு அரைக் கிலோ சர்க்கரை என்றார்
கீழ்வீட்டு ப்ரோனியுஸ்.
சர்க்கரையும் தாளில் இருக்கிறது, 'கூடாது' பக்கம்.
அப்படியானால் அது உறையாது, கூழ்தான் குடிப்பாய்
என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்தோனவ்கா ஆப்பிள் எட்டுக் கிலோ.
தோலையும் நடுத்தண்டையும் தனியே வேகவைத்து வடித்தேன்;
உறையவைக்கும் சத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.
பிறகு கிளறல்.
ஒரு மணி நேரம் சேறு.
மூன்று மணி நேரம் செம்மண் சேறு.
தோள்பட்டை கெஞ்சியது.
கண்ணை எடுத்தால் அடிப்பிடிக்கும்.
நள்ளிரவு தாண்டி,
கரண்டி இழுத்த வழி மூடாமல் நின்றது.
சட்டியின் அடி தெரிந்தது,
நீளமாக, கறுப்பாக, பளபளப்பாக.
எனக்குத் தெரிந்த ஒன்று அது. சாலை.

துணியில் கட்டி, மேலே பாரத்துக்கு
லாரி ஜாக்கை வைத்தேன்.
இனி அதற்கு வேறு வேலையில்லை.

மூன்று வாரம் காய்ந்து உறைந்தது. கொஞ்சம் கோணலாக.
ப்ரோனியுஸ் ஒரு துண்டு தின்றுவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
இன்னொரு துண்டு கேட்டார்.

நவம்பர் ரத்தப் பரிசோதனையில்
கொழுப்பின் எண் இறங்கியிருந்தது.
மாத்திரையின் வேலை என்றார் யுர்கிதா.
நான் பொட்டலத்தைப் பிரித்தேன்.
ஆப்பிளின் வேலையும் கொஞ்சம் இருக்கலாம் என்றார்,
வாயில் மென்றுகொண்டே:
அந்த உறையும் சத்து குடலில் களியாகி
கொழுப்பில் கொஞ்சத்தைக் கையோடு கூட்டிப் போகுமாம்.
ஆனால் வற்ற வற்ற பழத்தின் இனிப்பும் கூடிப்போகும்,
ஒரு நாளைக்கு ஒரு விரல் அகலம், அவ்வளவுதான்
என்று தன் விரலைக் காட்டினார்.
என் விரல் அதைவிடத் தடிமன். நான் சொல்லவில்லை.

பிறகு மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு
செய்முறை எழுதிக்கொண்டார்,
எனக்குப் படிக்க வராத கையெழுத்தில்.
எவ்வளவு நேரம் கிளறணும்?
வார்சா போய்ச் சேரும் நேரம், என்றேன்.
நடுவில் நிறுத்தலாமா?
பெட்ரோல் பங்க் கூட இல்லை டாக்டர்.